வாசிக்காமல் விட்ட வானிலை

என் அக்கா கதீஷாவின் கணவர் திலெமிஸுக்கு எங்கள் பண்ணையில் ஒரு பட்டப்பெயர் உண்டு. 'ஏன் திலெமிஸ்' என்பார்கள். யார் எதைச் சொன்னாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது அந்தச் சொல்தான். தினம் இரண்டு வேளை ஆடுகளை எண்ண வேண்டும் என்று உத்தரவு வந்தால், எண்ணிக்கொண்டே இருந்தால் மேய்ப்பது யார் என்று கேட்பார். கூடாரத்துக்குக் கூடாரம் செய்தித்தாள் தொங்க வேண்டும் என்று வந்தபோது, வாசிக்கப்போவது ஆளா ஆடா என்று விளக்கம் கேட்டார். ஊரே சிரித்தது. அவரோடு குடித்தனம் நடத்திய அக்கா மட்டும் அவ்வளவாகச் சிரித்ததில்லை. தேநீரில் பாலை முதலில் ஊற்றுவதற்குக்கூட இந்த மனுஷனுக்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது, அதற்குள் வெந்நீர்ச் சமோவார் ஆறிப்போகிறது என்று அலுத்துக்கொள்வாள்.

நான் அவருக்கு நேர் எதிர். என் பெயர் உல்போசின். 'பையனாகட்டும்' என்று பொருள். வரிசையாக நான்காவது பெண்ணாகப் பிறந்ததால், அடுத்ததாவது பையனாகப் பிறக்கட்டும் என்று எனக்கு வைத்தார்கள். அடுத்து தம்பியே பிறந்தான். பிறந்த நாளிலிருந்து சொன்னதைச் செய்தவள் இவள் ஒருத்திதான் என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. விடுதிப் பள்ளியில் முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஆசிரியை சொல்வதில் ஒரு எழுத்து பிசகாமல் எழுதுவேன். இந்தக் குணத்துக்காகத்தான் பண்ணைத் தலைவர் செயித்காலி என்னை வயர்லெஸ் அறைக்கு எடுத்தார்.

தொர்காய் புல்வெளியில் எங்கள் பண்ணைக்கு ஒன்பது கிடைகள். ஒவ்வொன்றும் பண்ணை மையத்திலிருந்து நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும். ஒவ்வொரு கிடைக்கும் ஒரு வயர்லெஸ் பெட்டி உண்டு. காலை ஏழு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் நான் பேசுவேன். ஒன்பது கிடையும் ஒரே நேரத்தில் கேட்கும். ஒருவர் பேசினால் மற்ற எட்டுப் பேருக்கும் கேட்கும். என் மேசையில் இரண்டு நோட்டுகள் இருந்தன. ஒன்றில் தலைவர் சொல்லும் உத்தரவுகளை எழுதிக்கொள்வேன். மற்றதில் வட்டார வானிலை நிலையத்திலிருந்து தினமும் மாலை தொலைபேசியில் சொல்வதை எழுதிக்கொள்வேன். இரண்டையும் வாசிப்பதுதான் என் வேலை. என் அபிப்பிராயத்தை யாரும் கேட்டதில்லை. எனக்கு அப்படி ஒன்று இருந்ததாகவும் ஞாபகம் இல்லை.

எங்களில் அக்காள் கணவரும் கொழுந்தியாளும் எவ்வளவு வேண்டுமானாலும் கேலி பேசிக்கொள்ளலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அத்தான் அந்த உரிமையைக் காற்றலையிலும் விடவில்லை.

"கொழுந்தியா, இன்னிக்கு எத்தனை உத்தரவு? அதுல யோசிச்சு எழுதினது எத்தனை?"

"உங்களுக்குன்னு தனியா ஒண்ணு இருக்கு அத்தான். வாசிக்கறப்ப குறுக்க பேசக் கூடாதாம்."

எட்டுக் கிடைகளிலிருந்தும் சிரிப்பு கரகரவென்று வரும். தலைவருக்குப் பக்கத்து அறை. சுவரைத் தட்டுவார். உடனே நான் குரலை மாற்றிக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன்.

அத்தானைத் தலைவர் வேலையை விட்டுத் துரத்தாததற்கு ஒரு காரணம் இருந்தது. நான் சொல்லப்போகும் சம்பவத்துக்கு முந்தைய குளிர்காலத்தில் எல்லா மந்தைகளையும் கிழக்கே கிணற்றடிக்கு ஓட்டச் சொல்லி உத்தரவு போயிற்று. வைக்கோல் அங்கேதான் இறக்கப்பட்டிருந்தது. அத்தான் பாதி வழியில் குதிரையை விட்டு இறங்கி, பூட்ஸ் காலால் பனியைக் குத்திப் பார்த்திருக்கிறார். அடியில் கண்ணாடி மாதிரி பனிக்கட்டி. மூன்று நாள் நடையில் ஆட்டுக்கு ஒரு புல்கூடக் கிடைக்காது என்று கணக்குப் போட்டு, மந்தையை மேற்கே மணல்மேட்டுப் புதர்களுக்குத் திருப்பிவிட்டார். சொன்னபடி கிழக்கே போன மந்தைகளில் ஆடுகள் வழியிலேயே விழுந்தன. அத்தானிடம் ஒரு ஆடும் சாகவில்லை. உத்தரவை மீறியதற்காகக் கண்டனக் கடிதம் மட்டும் வந்தது. அதைச் சமோவாருக்கு அடியில் விரித்திருந்தார். காகிதம் கெட்டி, தண்ணீர் இறங்காது என்றார்.

எழுபத்தொன்பதாம் வருஷம் மே மாதம் நடந்ததைத்தான் நான் சொல்ல வேண்டும். இத்தனையும் சொன்னது அதற்குப் போக மனம் வராமல்தான்.

எங்கள் பக்கத்தில் மே நடுவில் சைகா மான்கள் கன்று போடும். அந்த வாரம் திடீரென்று வடக்கிலிருந்து குளிர் இறங்கும். காற்று, மழை, சில வருஷம் பனிகூட வரும். குராலாய்க் குளிர் என்போம். கன்றை எழுந்து ஓட வைக்கத்தான் அந்தக் காற்று வருகிறது என்று பெரியவர்கள் சொல்வார்கள். குராலாய் வந்து போகும் முன்பு ஆட்டின் ரோமத்தைக் கத்தரிக்கக் கூடாது என்பது எங்களில் மூக்கு ஒழுகுகிற பிள்ளைக்கும் தெரியும். கத்தரித்த ஆட்டின் மேல் அந்த மழை பட்டால் ஒரே நாளில் விறைத்துச் சாகும்.

அந்த வருஷம் மாநிலத்திலேயே முதலில் கம்பளி கொடுத்த வட்டாரம் என்று பெயர் வாங்க எங்கள் வட்டாரம் ஆசைப்பட்டது. பத்தாம் தேதியே தலைவருக்குத் தொலைபேசி வந்தது. காகிதத்தில் 'மே இறுதிக்குள்' என்றுதான் இருந்தது. பதினேழாம் தேதி தொடங்கியாக வேண்டும் என்பது வாய்மொழி. அத்தானின் கிடை சாலையை ஒட்டி இருந்ததால், கத்தரிக்கும் பெண்களும் மின் இயந்திரமும் முதலில் அங்கேதான் போயின. பதினைந்தாம் தேதி போய்ச் சேர்ந்த அவர்களுக்கு அத்தான் கறியும் தேநீரும் கொடுத்து உட்கார வைத்துவிட்டார். குராலாய் இன்னும் வரவில்லை, வந்து போகட்டும், பிறகு நானே ஒவ்வொரு ஆடாகப் பிடித்துத் தருகிறேன் என்று வயர்லெஸில் சொன்னார். தலைவர் என் கையிலிருந்து ஒலிவாங்கியைப் பிடுங்கித் திட்டினார். அத்தான் கடைசிவரை கேட்டுவிட்டு, தலைவர் பேசினது சரியாக் கேக்கல, காத்து அதிகம் என்றார். அன்று காற்றே இல்லை.

பதினாறாம் தேதி மாலை வானிலை நிலையத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். நான் எழுதிக்கொண்டேன். பதினெட்டு முதல் இருபது வரை பலத்த வடகாற்று, மழை, ஈரப்பனி. கால்நடைகளை மூடிய இடத்தில் வைக்கவும். எழுதியதைத் தலைவரிடம் காட்டினேன். எந்தக் குறிப்பானாலும் அவரிடம் காட்டிவிட்டுத்தான் வாசிப்பேன். அப்படி ஒரு விதி கிடையாது. அது நானாக வைத்துக்கொண்ட பழக்கம்.

அவர் இரண்டு தரம் படித்தார்.

"இதை வாசிக்காத. வாசிச்சா ஒன்பது பேரும் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துடுவானுங்க. இந்த வானிலைக்காரங்க சொல்றதுல பாதி நாள் நடக்கறதே இல்ல."

"சரி, தலைவரே," என்றேன்.

பயந்துபோய்ச் சரி என்றேன் என்று சொன்னால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். பயமே இல்லை. அவர் என்னை மிரட்டவும் இல்லை. அவர் சொன்னார், நான் நோட்டை மூடினேன், அவ்வளவுதான். ஆறு மணிக்கு உத்தரவுகளை மட்டும் வாசித்தேன். வானிலை ஏன் இல்லை என்று அன்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அத்தான் கேட்டார். அன்று அவர் குரலில் கேலி இல்லை. கத்தரிக்க வந்த பெண்கள் முணுமுணுக்கத் தொடங்கியிருந்தார்கள். வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. அவருக்கே கொஞ்சம் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"கொழுந்தியா, தலைவர் சொல்றதை விடு. உன்னைத்தான் கேக்கறேன். வானிலை ஏதாவது வந்துச்சா?"

சுவருக்கு அந்தப் பக்கம் தலைவர் நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. நோட்டு என் முழங்கைக்குக் கீழே இருந்தது. வாசிக்காதே என்றுதான் தலைவர் சொன்னார். பொய் சொல் என்று யாரும் சொல்லவில்லை. அதை நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

"ஒண்ணும் வரல, அத்தான்."

"சரி. நீ சொன்னா சரிதான். இன்னிக்கு ஆரம்பிச்சுடறோம்."

வாழ்நாள் முழுக்க ஏன் என்று கேட்ட மனிதர் என்னிடம் மட்டும் அதைக் கேட்கவில்லை.

அன்று முழுதும், மறுநாள் காலையும் கத்தரித்தார்கள். பதினெட்டாம் தேதி உச்சி வேளையில் கடைசி ஆட்டை விட்டபோது வடக்குப் பக்கம் கறுத்தது. ஒரு மணி நேரத்தில் மழை. மாலைக்குள் மழையோடு பனி. கூரையுள்ள குளிர்காலக் கொட்டில் அங்கிருந்து முப்பது கிலோமீட்டர். அத்தானும் அக்காவும் முடிந்த மட்டும் ஆடுகளைக் கூடாரத்துக்குள் அடைத்தார்கள். அடைத்தது போக மீதி வெளியே நின்றது. பிறகு கூடாரத்தின் மேலிருந்த கம்பளிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து எடுத்து ஆடுகளின் மேல் போர்த்தினார்கள். அக்காவின் சீர்க் கம்பளி, படுக்கை, அத்தானின் மேலங்கி எல்லாம் ஆடுகளுக்குப் போயிற்று. இரண்டு நாள் அவர்கள் வெறும் மரச்சட்டத்துக்குள் நின்றிருக்கிறார்கள். அறுநூற்று இருபதில் முந்நூற்று நாற்பத்தொன்று செத்தது. குட்டிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. குட்டிகளின் ரோமத்தைக் கத்தரிப்பதில்லை. செத்த தாய்களின் மடியை முட்டிக்கொண்டு நின்றன என்று லாரி ஓட்டுநர் வந்து சொன்னார். மற்ற எட்டுக் கிடைகளுக்கும் இயந்திரம் போய்ச் சேரவே இல்லை, அங்கே ஒரு ஆடும் சாகவில்லை.

வட்டாரத்திலிருந்து விசாரணைக்கு வருகிறார்கள் என்று தெரிந்ததும் தலைவர் என் அறைக்கு வந்தார். வானிலை நோட்டைத் திறந்து பதினாறாம் தேதிப் பக்கத்தைக் காட்டினார். எதிரே 'வாசிக்கப்பட்டது' என்று எழுது என்றார்.

பேனாவை எடுத்தேன். எடுத்தவள் சும்மா எழுதினேனா? வேலை சுத்தமாக இருக்க வேண்டாமா?

"எத்தனை மணின்னு போடறது, தலைவரே?" என்று கேட்டேன்.

அவரே ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். ஆறு என்று போடு என்றார். போட்டேன். இன்றைக்கும் சில நாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது இந்தக் கேள்வி காதில் விழும். அப்போதெல்லாம் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

பண்ணை மன்றத்தில் மூன்று பேர் உட்கார்ந்து விசாரித்தார்கள். எச்சரிக்கை முறைப்படி வாசிக்கப்பட்டது, மே இறுதிவரை அவகாசமும் இருந்தது, திலெமிஸ் என்கிற இந்த மேய்ப்பர் எப்போதுமே தன் இஷ்டத்துக்கு நடப்பவர் என்று தலைவர் சொன்னார். பழைய கண்டனக் கடிதத்தின் நகலைச் சாட்சியாக எடுத்துக் கொடுத்தார். வேறு கிடைகளிலிருந்து இரண்டு மேய்ப்பர்களைக் கேட்டார்கள். அன்று பெட்டியில் இரைச்சல், ஒன்றும் தெளிவாகக் கேட்கவில்லை என்று இரண்டு பேரும் சொல்லிவிட்டார்கள். கத்தரிக்க வந்த பெண்களை யாரும் கூப்பிடவே இல்லை. பிறகு நோட்டு கைமாறி அத்தானிடம் போயிற்று.

அவர் அதை வெகுநேரம் பார்த்தார். என் கையெழுத்து அழகாக இருக்கும், எங்கே பார்த்தாலும் தெரியும். குறிப்பு உண்மையிலேயே வந்திருக்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் உறுதியாயிற்று. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். ஏதோ புரியாத கணக்கை மறுபடி போட்டுப் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார். பொய்யாக எழுதியவள் என்று தெரிந்தால் என்னைச் சும்மா விட மாட்டார்கள் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

"வாசிச்சாங்களா?" என்று நடுவில் இருந்தவர் கேட்டார்.

"வாசிச்சாங்க. நான்தான் கேக்கல," என்றார் அத்தான்.

நான் எழுந்திருக்கவில்லை. எழுந்து நின்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மந்தையையும் குதிரையையும் எடுத்துக்கொண்டார்கள். பண்ணை மையத்துப் பள்ளிக்கூடத்தில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப்போடும் வேலை கொடுத்தார்கள். அக்கா ஒரு மாதம் மார்ச்சளியில் கிடந்தாள். தேறி எழுந்ததும் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவரு கேட்டப்ப உன் முன்னாடி அந்தக் காயிதம் இருந்துச்சா, இல்லையா?"

இருந்தது என்றேன். அதன் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. குளிர்காலத்துக்கு அடித்த கறியில் உறவினர் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு எடுத்து வைப்பது எங்கள் வழக்கம். அந்த வருஷம் எனக்கு வராது என்று இருந்தேன். வந்தது. எப்போதும் போல நல்ல எலும்போடு, துணியில் கட்டி, அத்தானே கொண்டுவந்து வாசலில் கொடுத்துவிட்டுப் போனார். அதை வேகவைத்துப் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுப் போட்டேன். என்னால் ஒரு துண்டுகூட விழுங்க முடியவில்லை.

ஆனால் நான் செய்த பாவம் அந்த ஆடுகளோடு முடிந்துவிட்டது என்று நினைத்தவர்களுக்கு அந்தக் கொதிகலன் அறையில் உட்கார்ந்திருந்தவரைத் தெரியாது. அவர் ஏன் என்று கேட்பதை நிறுத்திவிட்டார். பற்றவை என்றால் பற்றவைப்பார், நிறுத்து என்றால் நிறுத்துவார். ஏப்ரல் பதினைந்தோடு வெப்பத்தை நிறுத்த வேண்டும் என்பது விதி. ஒரு வருஷம் பதினாறாம் தேதி முழங்கால் அளவு பனி விழுந்தது. பிள்ளைகள் மேலங்கியோடு வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். ஆசிரியை ஒருத்தி கீழே இறங்கிப்போய், ஏன் இன்னும் பற்றவைக்கவில்லை என்று கேட்டாளாம். அணைந்த அடுப்புக்குப் பக்கத்தில் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த அத்தான், "உத்தரவு வரல," என்றாராம். அதை அவள் ஒரு வேடிக்கையாக என்னிடம் சொன்னாள். நான் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஒன்பது வருஷம் போயிற்று. செயித்காலி மாற்றலாகிப் போய்விட்டார். காலம் கொஞ்சம் மாறியது. அநியாயமாகத் தண்டிக்கப்பட்டவர்கள் மறுபடி விண்ணப்பிக்கலாம், சாட்சி இருந்தால் போதும், அக்டோபர் வரை அவகாசம் என்று அறிவிப்பு வந்தது. நானே அதை வயர்லெஸில் ஒன்பது கிடைகளுக்கும் வாசித்தேன். வாசித்துவிட்டு நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

அத்தான் வெளியே கரியைச் சலித்துக்கொண்டிருந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. மூச்சு விடும்போது நெஞ்சில் சத்தம் வந்தது. அறிவிப்பு பற்றிச் சொன்னேன். நோட்டு இன்னும் ஆவண அறையில் இருக்கிறது என்று சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, இத்தனை வருஷமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைக் கேட்டேன்.

"நான் போய் உள்ளதைச் சொல்லிடட்டுமா, அத்தான்?"

அவர் சல்லடையைக் கீழே வைத்தார். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அந்த முகத்தில் பழைய குறும்பு கொஞ்சம் வந்தது.

"இதுக்கும் நான்தான் உத்தரவு போடணுமா, கொழுந்தியா?"

நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் சல்லடையை எடுத்து மறுபடி சலிக்கத் தொடங்கினார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். நாளைக்குப் போகலாம் என்று நினைத்தேன், மறுவாரம் என்று நினைத்தேன். அக்டோபர் முடிந்தது. பிப்ரவரியில் அத்தான் இறந்துபோனார்.

அவர் போ என்று சொல்லியிருந்தால், அன்றைக்கே போயிருப்பேன்.